துபையா நின்ற கரைகள்: எண்டெவர் கப்பலின் முதல் சந்திப்புகள் பற்றிய நிகழ்வு ஆய்வு (1769–1770)

ஜேம்ஸ் குக்கின் தலைமையில் எண்டெவர் கப்பல் 1769 ஜூலை 13 அன்று டஹிட்டியின் மத்தாவாய் விரிகுடாவை விட்டுப் புறப்பட்டபோது, இங்கிலாந்திலிருந்து வந்தவர்களோடு புதிதாக இருவர் ஏறியிருந்தனர். ஒருவர் துபையா என்ற பூசாரி. மற்றவர் அவருக்குப் பணிவிடை செய்துவந்த தையத்தா என்ற சிறுவன். அதன்பின் ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் அந்தக் கப்பல் பசிபிக்கின் பல கரைகளில் நங்கூரமிட்டது. சில கரைகளில் இறங்கிய சில மணி நேரத்திலேயே ரத்தம் சிந்தியது. சிலவற்றில் வாரக்கணக்கில் அமைதியாகத் தண்ணீரும் விறகும் ஏற்றப்பட்டன. அமைதி நிலவிய இடங்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், துபையாவுக்கு மொழி தெரிந்திருந்தது என்பதே. கப்பலில் இருந்தவர்கள் நாள்தோறும் எழுதிவைத்த குறிப்புகளைக் கரை கரையாக ஒப்பிட்டுப் பார்த்தால் இந்த விளக்கம் நிற்கவில்லை. மொழி புரிந்த இடத்தில் உயிர்கள் போயின. மொழி ஒரு சொல்லும் புரியாத இடத்தில் பகை தணிந்தது. அவரிடம் இருந்தது மொழியைவிடப் பெரிய ஒன்று: அந்நியர் நிலத்தில் எப்படிக் கால் வைக்க வேண்டும் என்ற பயிற்சி. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

துபையா ஏறத்தாழ 1725இல் டஹிட்டிக்கு வடமேற்கே உள்ள ரயாத்தேயா தீவில் பிறந்தவர். அத்தீவின் தபுதபுவாத்தேயா மராயே, அதாவது கல் பாவிய திறந்தவெளி வழிபாட்டு முற்றம், சுற்றுவட்டத் தீவுகள் பலவற்றின் சமய மையமாக இருந்தது; 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஓரோ தெய்வத்தைப் போற்றிய அரியோய் குழுவில் சேர்ந்து சடங்கு, வம்சாவளி, வானியல், கடல்வழி ஆகியவற்றில் அவர் தேர்ச்சி பெற்றார். போராபோரா தீவின் போர்வீரர்கள் ரயாத்தேயாவைக் கைப்பற்றியபோது, திருக்கை முள் பொருத்திய ஈட்டி அவர் உடலைத் துளைத்தது. உயிர் தப்பி டஹிட்டிக்கு வந்து, பாப்பாரா பகுதித் தலைவி பூரேயாவின் ஆலோசகரானார். 1768 இறுதியில் பூரேயாவின் அதிகாரம் போரில் சரிந்தது. சில மாதங்கள் கழித்து, 1769 ஏப்ரல் 13 அன்று எண்டெவர் வந்தது. ஆகவே கப்பலில் ஏறியவரைக் கடலைக் கண்டு வியந்து பின்தொடர்ந்த ஒருவராகக் கருத இயலாது. நிலத்தையும் ஆதரவையும் இழந்த, அரசியல் நுட்பம் அறிந்த, நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அறிஞர் அவர்.

குக் அவரை ஏற்றிக்கொள்ளத் தயங்கினார்; அரசு அவருக்காகச் செலவு செய்யாது என்பது அவர் கணக்கு. செல்வந்தரான இயற்கை ஆய்வாளர் ஜோசப் பேங்க்ஸ் செலவை ஏற்றார். தன் அண்டை வீட்டார் சிலர் பெரும் பொருட்செலவில் சிங்கமும் புலியும் வளர்ப்பதுபோல் தானும் இவரை ஓர் அரும்பொருளாக வைத்துக்கொள்ளலாமே என்று பேங்க்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதினார். படிக்கும்போது மனம் கசக்கும் இந்த வரியை ஒதுக்கிவிட்டு இந்நிகழ்வை ஆராய முடியாது. கப்பலில் அவருக்கு ஒரு பதவி இல்லை, சம்பளம் இல்லை, கட்டளைகளில் அவர் பெயர் இல்லை. எந்தத் தகுதியில் அவர் அங்கிருந்தார் என்பது கடைசி வரை யாராலும் தீர்மானிக்கப்படவில்லை.

அவருடைய முறை என்ன என்பது முதல் வாரத்திலேயே தெரிந்தது. குவாஹினே தீவை நெருங்கியபோது ஒருவரைக் கடலுக்குள் இறக்கி, சுக்கானின் அடிப்பகுதி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்த்துவரச் செய்தார். அதன்பின் ஐந்து பாகத்துக்கு (ஏறத்தாழ ஒன்பது மீட்டருக்கு) குறைவான ஆழத்தில் கப்பல் சென்றால் அவர் பதறினார் என்று பேங்க்ஸ் பதிவு செய்கிறார். கரையில் இறங்கியதும் இடுப்புவரை ஆடையைக் களைந்தார். உடன் வந்த கப்பல் மருத்துவர் மங்க்ஹவுஸையும் அவ்வாறே செய்யச் சொன்னார். ஊர் மக்கள் முன் அமர்ந்து நீண்ட நேரம் ஓதுவதுபோல் பேசி, கைக்குட்டைகள், கறுப்புப் பட்டுக் கழுத்துத்துணி, மணிகள், இறகுகள் எனக் காணிக்கைகளை அவ்வூர்த் தெய்வங்களுக்கு வைத்தார். பதிலுக்கு அவர்கள் தந்தவை கப்பலுக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆங்கிலேயருக்கு இது ஒரு வேடிக்கையான சடங்காகத் தெரிந்தது. உண்மையில் அது ஓர் அனுமதி கோரல். எந்த அதிகாரத்தோடும் எந்த நோக்கத்தோடும் வந்திருக்கிறோம் என்பதைக் கரையில் இருப்பவர் எடைபோடுவதற்கு இடம் தரும் ஒழுங்கு.

ஆகஸ்டு 9 அன்று கப்பல் அந்தத் தீவுக்கூட்டத்தை விட்டுத் தெற்கே திரும்பியது. மேற்கே போகலாம், அங்கே தீவுகள் நிறைய உண்டு என்று துபையா வற்புறுத்தினார். ஆனால் குக்கின் பையில் கடற்படையின் ரகசியக் கட்டளை இருந்தது: சுக்கிரன் சூரியனைக் கடப்பதை டஹிட்டியில் அளந்து முடித்தபின், தெற்கே 40 பாகை வரை சென்று பெருங்கண்டம் ஒன்றைத் தேட வேண்டும். துபையா முன்கூட்டியே சொன்னபடி நான்கே நாளில் ருருத்து தீவு தென்பட்டது. அதற்குப்பின் ஏறத்தாழ ஏழு வாரங்கள் நிலமே இல்லை.

தூரங்கநூயியில் இரண்டு நாள்

1769 அக்டோபர் 8 மாலை, நியூசிலாந்தின் தூரங்கநூயியில், இன்று கிஸ்போர்ன் நகரம் இருக்கும் இடத்தில், குக்கும் பேங்க்ஸும் படகுகளில் இறங்கினர். துபையா உடன் செல்லவில்லை. ஆற்றின் மறுகரையில் தெரிந்த மக்களைச் சந்திக்க அவர்கள் சென்றிருந்தபோது, சிறு படகைக் காவல்காத்த சிறுவர்களை நோக்கி நால்வர் ஈட்டிகளோடு காட்டிலிருந்து வெளிவந்தனர். பெரிய படகில் இருந்தவர்கள் தலைக்கு மேல் இரு முறை சுட்டனர். மூன்றாம் முறை ஒருவரைக் குறிவைத்தே சுட்டனர். இறந்தவர் தே மாரோ. அவர் வந்தது தாக்குவதற்கா, அந்நியரை எதிர்கொண்டு சவால்விடும் மரபுப்படியா என்பதை அறிய அங்கே யாரும் இல்லை.

இத்தனைக்கும் அறிவுரை இல்லாமல் அவர்கள் வரவில்லை. லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர் மார்ட்டன் பிரபு, புறப்படும் முன்பே குக்குக்கும் பேங்க்ஸுக்கும் எழுத்தில் குறிப்புகள் தந்திருந்தார். அந்நிலங்களின் மக்களே அவற்றின் இயல்பான, சட்டப்படியான உரிமையாளர்கள். அவர்கள் தம் மண்ணைக் காக்க எதிர்ப்பது நியாயமே. அவர்கள் ரத்தத்தைச் சிந்துவது மிகக் கொடிய குற்றம் என்று அதில் தெளிவாக இருந்தது. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட அந்தத் தாள், கரையில் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதைச் செய்யத் தெரிந்தவர் அன்று மாலை கப்பலில் இருந்தார்.

மறுநாள் காலை துபையா கரைக்கு அழைத்துவரப்பட்டார். ஆற்றுக்கு அப்பால் அம்மண்ணின் மக்களான மாவோரிகளின் வீரர்கள் ஹாகா என்ற சவால் நடனம் ஆடினர். இப்பால் கப்பற்படை வீரர்கள் வரிசையாக நின்றனர். துபையா தன் மொழியில் குரல் கொடுத்தார். அவர்களுக்குப் புரிந்தது. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் கடலும் பல நூற்றாண்டுகளும் பிரித்திருந்த இரு மக்கள் பேசிக்கொண்டனர். ஒரே கிழக்குப் பாலினேசிய மூலத்திலிருந்து வந்த மொழிகள் அத்தனை காலம் கழித்தும் அவ்வளவு நெருக்கமாக இருந்தன. எண்டெவரில் இருந்த எவரும் இதை எதிர்பார்க்கவில்லை. மாவோரி ஒருவர் நீந்தி வந்து ஆற்று நடுவே இருந்த தே தோகா-ஆ-தையாவு என்ற பாறையில் ஏறினார். குக் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் சென்றார்; இருவரும் மூக்கோடு மூக்கு வைத்து வணங்கினர். அந்தப் பாறையைத் துறைமுகப் பணிக்காக 1877இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அமைதி சில நிமிடங்களே நீடித்தது. மேலும் பலர் ஆற்றைக் கடந்து வந்து ஆயுதங்களை மாற்றிக்கொள்ள விரும்பினர், ஆங்கிலேயர் மறுத்தனர். இவர்கள் நண்பர்கள் அல்லர், விழிப்பாக இருங்கள் என்று துபையா பலமுறை எச்சரித்தார். வானியலாளர் கிரீனின் குறுவாளைத் தே ராகாவு என்பவர் பறித்துச் சென்றபோது அவரைச் சுட்டுக் கொன்றனர். அன்று பிற்பகல், சிலரையாவது கப்பலுக்குக் கொண்டுவந்து நல்ல முறையில் நடத்தி நம்பிக்கை பெறலாம் என்று குக் ஒரு மீன்பிடிப் படகை மறித்தார். துபையா அழைத்தும் அவர்கள் நிற்கவில்லை. சுட்டபோது திரும்பி எதிர்த்தனர். மேலும் சிலர் இறந்தனர். பிடிக்கப்பட்ட மூன்று இளைஞர்கள் இரவு கப்பலில் துபையாவுடன் பேசினர், நிறைய உண்டனர், பாடினர். தன் வாழ்நாளில் கண்ட நாள்களில் மிகவும் வேதனையான நாள் இதுவே என்று பேங்க்ஸ் எழுதினார்.

இந்த இரண்டு நாள்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. மொழி முற்றிலும் புரிந்தும் சாவுகள் நிகழ்ந்தன. முதல் நாள் உயிர் போனபின், ஈடுகோராமல் உறவு தொடங்க அந்த மக்களால் இயலாது. அந்தக் கடனின் கனத்தை உணரக்கூடிய ஒரே மனிதர் துபையா. ஆனால் எப்போது இறங்குவது, யாரை மறிப்பது, எப்போது சுடுவது என்ற முடிவுகளில் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. அவரை மொழிபெயர்க்கச் சொன்னார்கள், வழிநடத்தச் சொல்லவில்லை. என் கணிப்பில் தூரங்கநூயியின் தோல்விக்கு அடிப்படை இதுவே.

இரண்டு வாரங்கள் கழித்து, சற்று வடக்கே ஊவாவாவில் நிலைமை வேறாக அமைந்தது. அங்கே துபையா பல நாள்கள் கரையில் தங்கினார். அவர் இரவைக் கழித்ததாகச் சொல்லப்படும் குகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அவ்வூர்ப் பூசாரி ஒருவரோடு தெய்வங்களையும் தோற்றக் கதைகளையும் பற்றி அவர் உரையாடினார். இருவர் கருத்தும் பெரும்பாலும் ஒத்திருந்தன, துபையாவே கூடுதலாகக் கற்றவர், அவர் பேச்சை அனைவரும் ஊன்றிக் கேட்டனர் என்கிறது பேங்க்ஸின் குறிப்பு. முன்னோர் புறப்பட்டுவந்த நிலத்தின் பெயரைப் பாடல்களில் மட்டும் காத்துவந்த மக்களுக்கு, அத்திசையிலிருந்து ஒரு பூசாரி நேரில் வந்து நின்றது எத்தகைய நிகழ்வாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கப்பலே துபையாவுடையது என்று பல இடங்களில் கருதப்பட்டதில் வியப்பில்லை.

அவர் அங்கே இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. 1642 டிசம்பரில் டச்சுக்காரரான தாஸ்மன் இதே நாட்டின் தென்தீவில் நங்கூரமிட்டபோது, மாவோரிகளின் சங்கொலிச் சவாலுக்கு அவர் ஆட்கள் எக்காளம் ஊதிப் பதில் தந்தனர். மறுநாள் தாக்குதலில் அவருடைய ஆட்கள் நால்வர் இறந்தனர், அவர் கரையில் இறங்காமலே போனார். இரண்டாவது சான்று புதுச்சேரியிலிருந்து புறப்பட்டது. 1769 ஜூனில் அங்கிருந்து கிளம்பிய, இந்திய லாஸ்கர் மாலுமிகளும் இருந்த, சுர்வில் என்ற பிரெஞ்சுத் தலைவரின் கப்பல் அவ்வாண்டு டிசம்பரில் நியூசிலாந்தின் வடகோடிக்கு வந்தது. புயலில் சிக்கிய எண்டெவரும் அந்தக் கப்பலும் ஒன்றையொன்று காணாமலே அருகருகே கடந்தன. சுர்விலின் ஆட்கள் ஸ்கர்வியால், அதாவது புதிய காய்கனி இல்லாததால் வரும் நோயால், மடிந்துகொண்டிருந்தனர். கரையில் இருந்தவர்கள் அவர்களுக்கு உணவும் கீரையும் தந்து காத்தனர். பின்னர் ஒரு சிறு படகு காணாமற்போன தகராறில் சுர்வில் குடிசைகளுக்குத் தீ வைத்து, ரங்கிநூயி என்ற தலைவரைப் பிடித்துக்கொண்டு போனார். ரங்கிநூயி 1770 மார்ச்சில் நடுக்கடலில் அதே ஸ்கர்வியால் இறந்தார். கரையொதுங்கிய படகு யாருக்கு உரியது என்பதில் இரு தரப்பின் வழக்கமும் வேறு. அதை இடையில் நின்று சொல்ல ஒருவரும் அந்தக் கப்பலில் இல்லை.

சொல் உதவாத கரை

1770 ஏப்ரல் இறுதியில் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் துபையாவின் மொழி முற்றிலும் பயனற்றுப்போனது. குவீகல் மக்கள் இருவர் படகுகளைத் தடுத்து நின்றனர்; குக் சுட்டார்; ஒருவாரம் தங்கியும் உரையாடலே நிகழவில்லை. ஜூன் 11 அன்று கப்பல் பவளப்பாறையில் மோதிச் சேதமடைந்து, வடக்கே எண்டெவர் ஆறு என்று அவர்கள் பெயரிட்ட இடத்தில் ஏழு வாரம் நிற்க நேர்ந்தது. அப்போது துபையாவுக்கு ஸ்கர்வி முற்றியிருந்தது. தானே தூண்டில் போட்டுப் பிடித்த மீனை மட்டும் உண்டு அவர் விரைவாகத் தேறினார். ஜூலையில் அப்பகுதி மக்களான கூகு யிமிதிர் ஆண்கள் சிலர் ஈட்டிகளோடு வந்தபோது, அவர்களிடம் சென்று ஆயுதத்தைக் கீழே வைக்கச் செய்து, தம் அருகே தரையில் உட்காரவைத்தவர் துபையாதான். ஒரு சொல்லும் பொதுவாக இல்லை. நின்றுகொண்டு பேசாமல் உட்கார வேண்டும், முதலில் கொடுக்க வேண்டும், காத்திருக்க வேண்டும் என்பது அவருக்குப் பயிற்சியாகவே வந்தது. மொழியைவிடப் பெரிய ஒன்று அவரிடம் இருந்தது என்று தொடக்கத்தில் சொன்னதற்குத் தெளிவான சான்றாக நான் இந்தக் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன்.

அதற்கும் எல்லை இருந்தது. கப்பலில் ஆமைகள் குவிந்திருந்ததைக் கண்ட அவர்கள் ஒன்றைக் கேட்டனர், ஆங்கிலேயர் மறுத்தனர். தங்கள் நீரில் பிடித்த ஆமையில் தங்களுக்குப் பங்கு இல்லையா என்ற கோபத்தில் அவர்கள் புல்லுக்குத் தீ வைத்தனர். குக் சுட்டதில் ஒருவர் காயமுற்றார். பின்னர் முனையில்லாத ஈட்டியோடு வந்த ஒரு முதியவரால் சமாதானம் ஏற்பட்டது. அதை முன்னெடுத்தவர்கள் அந்த மண்ணின் மக்கள். துபையாவும் அல்லர், குக்கும் அல்லர்.

ஓவியமும் வரைபடமும்

கப்பலில் இருந்த ஓவியர்களைப் பார்த்து துபையா நீர்வண்ணம் தீட்டக் கற்றுக்கொண்டார். பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஓர் ஓவியத்தில் மாவோரி ஒருவரும் ஐரோப்பியர் ஒருவரும் எதிரெதிரே நிற்கின்றனர்: ஒருவர் கையில் கயிற்றில் கட்டிய பெரிய சிங்கி இறால், மற்றவர் கையில் வெள்ளைத் துணி. பொருளை முதலில் விட இருவருக்கும் மனமில்லை என்பது நிற்கும் நிலையிலேயே தெரிகிறது. இதை வரைந்தவர் யார் என்று நெடுங்காலம் தெரியவில்லை. பேங்க்ஸாகவே இருக்கலாம் என்றுகூடச் சிலர் எண்ணினர். தன்னையும் சிங்கி இறால் விற்றவரையும் துபையா வரைந்ததாக 1812இல் பேங்க்ஸ் எழுதிய ஒரு கடிதம் 1997இல் கவனத்துக்கு வந்தபிறகே உண்மை வெளிப்பட்டது. பேங்க்ஸ் அரும்பொருளாக வைத்துக்கொள்ள நினைத்தவர், பேங்க்ஸையே உற்று நோக்கித் தாளில் பதித்திருக்கிறார்.

வரைபடத்தின் கதை இதைவிடப் பெரிது. ஏறத்தாழ 130 தீவுகளைப் பற்றித் துபையா சொன்னதாகவும், அவற்றில் 74ஐத் தம் கையால் வரைந்ததாகவும் குக் எழுதுகிறார். மூலம் தொலைந்துபோயிற்று, ஆங்கிலேயர் எடுத்த படிகளே இன்று உள்ளன. 1778இல் ஃபார்ஸ்டர் என்ற இயற்கை ஆய்வாளர் ஒரு படியை அச்சிட்டார். ரயாத்தேயாவைச் சுற்றியுள்ள தீவுகள் சரியாக இருக்க, தொலைதூரத் தீவுகள் தவறான திசைகளில் சிதறிக் கிடந்ததால், வேடிக்கையான தவறுகளின் தொகுப்பாகவே பலர் அதைக் கருதினர். 2018இல் போட்ஸ்டாம் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் எக்ஸ்டைன், அன்யா ஷ்வார்ட்ஸ் ஆகியோர் வேறொரு வாசிப்பை முன்வைத்தனர். படத்தின் நடுவே திசைக்கோடுகள் சந்திக்குமிடத்தில் எழுதியிருக்கும் சொல் நண்பகலைக் குறிக்கிறது. அந்தக் கடற்பரப்பில் ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். ஆகவே படத்தின் மேல்பக்கம் வடக்கு அல்ல. எந்தத் தீவிலிருந்து புறப்படுகிறோமோ அங்கிருந்து படத்தின் நடுப்புள்ளியை நோக்கிய திசையே வடக்கு, அடுத்த தீவின் திசையை அதிலிருந்து கோணமாக அளக்க வேண்டும். அப்படிப் படித்தால் சிதறிய தீவுகள் தனித்தனிக் கடல்வழிகளாக ஒழுங்குபெறுகின்றன என்றும், மேற்கே ரொட்டுமாவிலிருந்து கிழக்கே ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு) வரை 7,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்பரப்பு அதில் அடங்குகிறது என்றும் அவர்கள் வாதிடுகின்றனர். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. ஆனால் ஓர் அறிஞர் தம் கடலறிவை மற்றவர் தாளின் விதிக்குள் எழுத முயன்றார் என்ற கோணத்திலேயே இப்போது விவாதம் நடக்கிறது. அதுவே பெரிய மாற்றம்.

குக் இதில் முற்றிலும் குருடராக இருந்தார் என்று சொல்வது அநீதி. பகலில் சூரியனையும் இரவில் நிலவையும் விண்மீன்களையும் திசைகாட்டியாகக் கொண்டு இம்மக்கள் நூற்றுக்கணக்கான லீக் தூரம் பயணிக்கின்றனர் என்றும், வழக்கமான கீழ்காற்று மாறி நவம்பர் முதல் ஜனவரி வரை மேல்காற்று வீசும்போது கிழக்கே செல்கின்றனர் என்றும் துபையா சொன்னதை அவர் நேர்மையாகப் பதிவு செய்தார். பின்வந்தவர்கள்தாம் அதை மறந்தனர். 1956இல் ஆண்ட்ரூ ஷார்ப் என்பவர், தொலைதூரக் குடியேற்றங்கள் தற்செயலாக அடித்துச்செல்லப்பட்டதால் நேர்ந்தவை என்று எழுதினார். 1976இல் மைக்ரோனேசிய மீகாமன் மௌ பியாய்லுக் கருவி எதுவுமின்றி ஹோகூலேயா படகை ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு ஓட்டிச்சென்றபின் அந்த வாதம் தளர்ந்தது.

பட்டாவியாவும் அதன் பிறகும்

1770 அக்டோபரில் எண்டெவர் பழுதுபார்ப்புக்காகப் பட்டாவியாவை, இன்றைய ஜகார்த்தாவை, அடைந்தது. தெருவில் ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் உடையில் நடப்பதைக் கண்ட துபையா, தம் நாட்டு மரப்பட்டைத் துணியைக் கப்பலிலிருந்து வரவழைத்து உடுத்திக்கொண்டார். ஒருநாள் ஒருவர் ஓடிவந்து, முன்பு இங்கே வந்தவர் நீங்கள்தானே என்று கேட்டார். புகென்வில்லின் பிரெஞ்சுக் கப்பலில் வந்த அஹுத்தோரு என்ற டஹிட்டியரை அவர் நினைவில் வைத்திருந்தார். தமக்கு முன்னே டஹிட்டிக்கு வந்துபோன ஐரோப்பியர் யார் என்பது ஆங்கிலேயருக்குத் தெளிவானது இப்படித்தான். நகரின் தேங்கிய கால்வாய்களிலிருந்து பரவிய நோய்கள் முதலில் தையத்தாவையும், சில நாள்களில் துபையாவையும் கொண்டுபோயின. கூர்மதியும் விவேகமும் உடையவர், ஆனால் செருக்கும் பிடிவாதமும் கொண்டவர், அதனால் கப்பலில் அவர் நிலை அவருக்கும் மற்றவர்க்கும் உகந்ததாக இல்லை என்று குக் எழுதினார். தம் நாட்டில் முதல் மரியாதைக்குரிய ஒருவர், மாலுமிகளின் கேலிக்கிடையே வணங்க மறுத்ததற்குச் செருக்கு என்று பெயர் வைக்கப்பட்டிருக்கிறது.

2019 அக்டோபரில், 250ஆம் ஆண்டு நிகழ்வுகளை ஒட்டி, நியூசிலாந்திற்கான பிரிட்டிஷ் தூதர் கிஸ்போர்னில் தே மாரோ முதலானோரின் வழிவந்தவர்களைச் சந்தித்து அந்தச் சாவுகளுக்கு வருத்தம் தெரிவித்தார்.

1773இல் குக் இரண்டாம் பயணத்தில் நியூசிலாந்துக்குத் திரும்பியபோது, மாவோரிகள் முதலில் கேட்டது துபையாவைத்தான். இறந்துவிட்டார் என்றதும் ஒப்பாரி வைத்தனர், வன்முறையால் இறந்தாரா என்றும் விசாரித்தனர். துபையாவை முன்பு கண்டிராத இடங்களிலும் அவர் பெயர் தெரிந்திருந்தது. அப்பயணத்தின் துணைக்கப்பல் அட்வெஞ்சரில் மாய் என்ற ரயாத்தேயாக்காரர் இருந்தார். அதே தீவு, அதே மொழி. பூசாரிப் பயிற்சியும் உயர்குடித் தகுதியும் மட்டும் இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 17 அன்று கீரை பறிக்க அனுப்பப்பட்ட அட்வெஞ்சரின் படகில் மாய் செல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எழுந்த ஒரு சிறு பூசலில் அந்தப் படகில் போன பத்துப் பேரும் கொல்லப்பட்டனர்.